வேட்டி மடிப்பில் பிஸ்டலா, ரிவால்வரா?

நெல் வியாபாரத்தில் அறுவடைக் காலம் வந்தால் ரொக்கம் புழங்கும். அம்பாசமுத்திரத்திலிருந்து ராத்திரி பைக்கில் தனியாகத் திரும்புகிறவன் நான். அதனால்தான் துப்பாக்கி லைசென்ஸ் வாங்கினேன். 9 எம்.எம். குழல் விட்டம் தனியாருக்குத் தடை செய்யப்பட்ட ரகம். மிஞ்சியதில் நான் பார்த்தது .32 (அங்குலக் கணக்கு). அதில் கான்பூர் அரசு ஆலை ரிவால்வரும் உண்டு (தோட்டா சுழலும் உருளையில் இருக்கும்), இச்சாப்பூர் அரசு ஆலை பிஸ்டலும் உண்டு (தோட்டா பிடிக்குள் செருகும் மேகசினில் இருக்கும்).

பிஸ்டல் தட்டை, இடுப்பில் துருத்தாது, இரண்டு தோட்டா கூடுதல். சரிதான். இரண்டுக்கும் பெயர் .32 என்றாலும் தோட்டா வேறு: ரிவால்வருக்கு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங், பிஸ்டலுக்கு ஏ.சி.பி. முன்னதில் குண்டு கனம், வேகம் குறைவு, பின்னதில் நேர்மாறு. வலுவில் பெரிய வித்தியாசம் கிடையாது. இன்னும் சிறிய .22 மலிவு, உதைப்பும் அதிகம் இல்லை. ஆனால் அதற்குப் பற்றவைக்கும் மருந்து தோட்டாவின் அடி விளிம்பில் இருப்பதால் சில சமயம் வெடிக்காமல் ஏமாற்றும்.

நான் ரிவால்வர் எடுத்ததற்குக் காரணம் சித்தப்பா மகன். பிஸ்டலைத் துடைக்க உட்கார்ந்தவன் மேகசினைக் கழற்றிவிட்டுக் காலி என்று நினைத்து விசையை அழுத்தினான். குழலில் ஒன்று மிச்சம் இருந்திருக்கிறது. நெல் மூட்டை வாங்கிக்கொண்டது, ஆளுக்கு ஒன்றுமில்லை. ரிவால்வரை மடக்கித் திறந்தால் ஆறு துளையும் கண்ணுக்கு நேரே தெரியும், தோட்டாக்களும் வெளியே வந்துவிடும். தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் சுத்தியலை இழுத்து வைக்காதவரை விசையை அழுத்துவதும் கடினம். தவறுதலாக விரல் பட்டுச் சுடும் வாய்ப்பு குறைவு. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி அழுத்தினால் அடுத்தது வந்து நிற்கும்.

அதற்காக எப்படியும் வைத்துக்கொள்ளலாம் என்றில்லை. வேட்டி மடிப்பிலும் பச்சை பெல்ட் பையிலும் விசை மூடப்படாது. விசையைச் சுற்றியுள்ள வளையத்தை முழுக்க மூடும் தோல் உறை அவசியம். சுத்தியலுக்குத் தடுப்பு இல்லாத பழைய ரிவால்வர் என்றால், கீழே விழுந்தாலே வெடிக்கலாம். சுத்தியலுக்கு நேரான துளையைக் காலியாக விட்டு ஐந்தோடு நிறுத்த வேண்டும். சாரல் காலத்தில் தோட்டாக்களைத் தோல் பட்டையிலேயே செருகி வைத்துப் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறிய பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. இப்போது தகர டப்பாவில்.

பிஸ்டலில் நான் சுட்டது பத்துப் பதினைந்து தோட்டாதான், அதுவும் துப்பாக்கி சுடும் கழகத்து மைதானத்தில். பழகிய கைக்கு அதுவே வசதியாக இருக்கலாம். ஆளை நோக்கி எதையும் நீட்டியதில்லை, அந்த அனுபவம் வேண்டவும் வேண்டாம்.

தேர்தல் அறிவித்தால் எதுவானாலும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அந்த நாட்களில் ரசீதில்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனாலும் பறக்கும் படை பிடித்துக்கொள்ளும். ஆகவே அந்த மாதம் மட்டும் நான் பகலிலேயே வீடு திரும்பிவிடுகிறேன்.