ஒரே மெயில், ஆறு வழிகள்: அலுவலக ஆங்கிலம் எழுத எப்படிக் கற்பது?

முதலில் ஒரு மெயிலைப் பார்த்துவிடுவோம். அச்சு வேலை செய்யும் ஒரு நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளருக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"ஹோப் யூ ஆர் டூயிங் வெல். வீ ஹேவ் டிஸ்கஸ்டு அபவுட் த கவர் டிசைன் லாஸ்ட் வீக். த சேம் இஸ் அட்டாச்டு ஃபார் யுவர் கைண்ட் பெரூசல். கைண்ட்லி ரிவர்ட் பேக் அட் தி ஏர்லியஸ்ட்."

நான்கு வாக்கியம். எழுதியவர் மனதில் இருந்தது இதுதான்: வியாழக்கிழமைக்குள் அட்டை வடிவமைப்புக்கு ஒப்புதல் வராவிட்டால் அச்சு ஒரு வாரம் தள்ளிப்போகும். அந்த வியாழக்கிழமை மெயிலில் எங்கேயும் இல்லை.

கூட வேலை பார்ப்பவர்கள் எழுதிய வரைவுகளைப் பல வருடங்களாகப் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன். அவர்களில் பலரும் கேட்கும் கேள்வி ஒன்றே: "கிராமர் சரியில்லை, எதைப் படிக்கட்டும்? புத்தகமா, ஆப்பா, கோர்ஸா?" மூன்றையும் பொதுவாகப் புகழ்ந்தோ குறைசொல்லியோ பயனில்லை. மேலே உள்ள மெயிலை ஒவ்வொரு வழியிலும் விட்டுப் பார்ப்போம். எது எந்த நோய்க்கு மருந்து என்பது அப்போது தெரிந்துவிடும்.

இலக்கணப் புத்தகம்

சுயமாகப் படிப்பவர்களுக்கு நான் சொல்வது ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்'. 1985இல் முதலில் வந்தது. 2019இல் வந்த ஐந்தாம் பதிப்பில் 145 பாடங்கள் இருக்கின்றன. இடதுபக்கம் விளக்கம், வலதுபக்கம் பயிற்சி, கடைசியில் விடைகள். அதைவிட முக்கியமானது, எந்தப் பாடம் உங்களுக்குத் தேவை என்று நீங்களே கண்டுபிடித்துக்கொள்ள பின்னால் ஒரு வழிகாட்டி இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. முதல் பாடத்தில் ஆரம்பித்து, இருபதாவது பாடத்துக்குள் களைத்துப் போய், புத்தகத்தை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

நம் மெயிலில் இரண்டு இலக்கணப் பிழைகள் இருக்கின்றன. இரண்டையும் இந்தப் புத்தகம் சரிசெய்யும். ஆனால் அவை ஏன் வந்தன என்று அது சொல்லாது, ஏனென்றால் அது உலகம் முழுவதற்கும் எழுதப்பட்டது. தமிழில் "போன வாரம் பேசியிருக்கிறோம்" என்பது நல்ல வாக்கியம். 'இருக்கிறோம்' என்ற நிகழ்கால முடிவோடு 'போன வாரம்' ஒட்டிக்கொள்வதில் நமக்கு எந்த உறுத்தலும் இல்லை. ஆங்கிலத்தில் 'ஹேவ் டிஸ்கஸ்டு' வந்தால் 'லாஸ்ட் வீக்' வரக்கூடாது. போன வாரம் முடிந்துபோன காலம், அதற்கு வெறும் 'டிஸ்கஸ்டு' போதும். அதேபோல நாம் ஒன்றைப் 'பற்றி' விவாதிக்கிறோம். அந்தப் 'பற்றி'தான் 'அபவுட்' ஆகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் டிஸ்கஸ் என்ற சொல்லுக்குள்ளேயே அது அடங்கிவிட்டது.

ஆகவே புத்தகம் வாங்கினால் ஓரத்தில் பென்சிலால் உங்கள் தமிழ் வாக்கியத்தை எழுதிவையுங்கள். பிழை எங்கிருந்து கிளம்புகிறது என்று ஒருமுறை கண்ணில் பட்டால், அடுத்த முறை கை தானாக நிற்கும்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளி மாணவர்களுக்கு எழுத்தைக் கற்பிக்கும் முறைகள் பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டி கல்வி ஆய்வாளர்கள் ஸ்டீவ் கிரஹாம், டோலோரஸ் பெரின் இருவரும் 2007இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இலக்கணத்தைத் தனிப் பாடமாக நடத்துவதால் எழுத்தின் தரம் உயரவில்லை என்பது அதில் ஒரு முடிவு. சிறுசிறு வாக்கியங்களை இணைத்து ஒரே வாக்கியமாக்கும் பயிற்சி பலன் தந்தது. அது பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியது, அலுவலகத்தில் இருக்கும் பெரியவர்களைப் பற்றியது அல்ல. ஆனாலும் 145 பாடங்களையும் முடித்த ஒருவர் எழுதிய மெயிலிலும் வியாழக்கிழமை விடுபட்டதை நான் பார்த்திருக்கிறேன் என்பதால், அந்த முடிவு எனக்கு ஆச்சரியமாக இல்லை.

பிழைதிருத்தும் மென்பொருள்

கிராமர்லி, லாங்குவேஜ்டூல், வேர்டுக்குள்ளேயே இருக்கும் திருத்தி எல்லாம் ஒரே வகை. நம் மெயிலைப் போட்டால் 'அபவுட்' மீது கோடு விழும். 'ரிவர்ட் பேக்' மீதும் பெரும்பாலும் விழும், 'ரிவர்ட்' என்ற சொல்லிலேயே 'பேக்' இருப்பதால். (பொதுவான ஆங்கிலத்தில் ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. 'பதில் சொல்லுங்கள்' என்ற பொருளில் அதை எழுதினால் உலகத்தில் பாதிப் பேர் குழம்புவார்கள். 'ரிப்ளை' என்றே எழுதிவிடலாம்.)

கோட்டைத் தட்டினால் பிழை மறைகிறது. பாடமும் அதோடு மறைகிறது என்பதுதான் சிக்கல். மூன்று வருடமாக இந்தத் திருத்தியை வைத்திருப்பவர்கள் வாட்ஸ்அப்பில் எழுதும்போது அதே 'டிஸ்கஸ் அபவுட்' வருகிறது. தட்டுவதற்கு முன் ஐந்து விநாடி நின்று, ஏன் கோடு விழுந்தது என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். வேலை நெருக்கடியில் யாரும் இதைச் செய்வதில்லை என்று எனக்குத் தெரியும். வாரத்தில் ஒரு நாள் மட்டுமாவது செய்யலாம்.

இன்னொரு எல்லை உண்டு. தமிழிலேயே பாருங்கள்: 'தந்த கட்டில்' என்றால் யாரோ கொடுத்த கட்டில், 'தந்தக் கட்டில்' என்றால் யானைத் தந்தத்தால் ஆனது. இரண்டும் சரி. தமிழில் சந்திப் பிழை பார்க்க நாவி, எழுத்துப் பிழை பார்க்க வாணி என்று நல்ல கருவிகள் இருக்கின்றன, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் எந்தக் கட்டிலைச் சொல்ல வந்தீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆங்கிலக் கருவிகளுக்கும் இதே நிலைதான்.

வாடிக்கையாளரின் விவரங்கள் உள்ள மெயிலை இணையக் கருவி ஒன்றில் ஒட்டுவதற்கு முன் அலுவலக விதி என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். லாங்குவேஜ்டூலின் திறமூல வடிவத்தைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டலாம், எழுத்து வெளியே போகாது.

செயற்கை நுண்ணறிவு

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்த பிறகு இந்த ஒப்பீடே மாறிவிட்டது. நம் மெயிலைக் கொடுத்து "சரிசெய்" என்றால் சில விநாடிகளில் வழவழப்பான நான்கு வாக்கியம் வரும். இலக்கணம் சுத்தமாக இருக்கும். வியாழக்கிழமை அதிலும் இருக்காது. நீங்கள் சொல்லாத ஒன்று அதற்கு எப்படித் தெரியும்? சில சமயம் "வார இறுதிக்குள்" என்று தானாகவே ஒரு கெடுவைச் சேர்த்துவிடும். அது வெறுமையைவிட ஆபத்து. படிக்க நன்றாக இருப்பதால் நாம் கவனிக்காமல் அனுப்பிவிடுவோம்.

அதைத் திருத்துபவராக வைக்காமல் கேள்வி கேட்பவராக வைத்தால் கதை வேறு. நான் பரிந்துரைக்கும் வேண்டுகோள் இது: "இந்த மெயிலைத் திருத்தாதே. நீதான் இதைப் பெறுபவர் என்று வைத்துக்கொள். படித்ததும் என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று உனக்குப் புரிந்ததை மட்டும் சொல்." பதிலில் கெடு இல்லை என்றால் மெயிலில் கெடு இல்லை. திருத்தத்தை நீங்களே எழுதுங்கள். இலக்கணத்துக்கும் அப்படித்தான்: "பிழை உள்ள வாக்கியத்தை மட்டும் காட்டு, விடை சொல்லாதே" என்று கேட்டால் பக்கத்தில் ஓர் ஆசிரியர் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

கோர்ஸ், சான்றிதழ்

இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வேலைக்கோ பதவி உயர்வுக்கோ சான்றிதழ் கேட்கிறார்கள் என்றால் சேருங்கள். இல்லாவிட்டால் கோர்ஸின் மதிப்பு ஒரே ஒரு கேள்வியில் இருக்கிறது: நீங்கள் எழுதியதை யாராவது படித்துக் குறிப்பு எழுதுவார்களா? வீடியோவும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளும் மட்டும் என்றால் அது புத்தகத்தின் இன்னொரு வடிவம்தான்.

பணம் கட்டாமலே நல்லவை கிடைக்கின்றன. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தின் எழுத்துக்கூடம் (ஆன்லைன் ரைட்டிங் லேப்) இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. தொழில்நுட்ப எழுத்துக்கு கூகுள் தன் பொறியாளர்களுக்காக உருவாக்கிய பாடங்களையும் வெளியே கொடுத்திருக்கிறது. குறுகிய வாக்கியம், செய்வினை, பட்டியல் போடுவது என்று நேராக விஷயத்துக்கு வருவதால் மற்ற துறையினருக்கும் அது பொருந்தும். கேம்பிரிட்ஜ் பிசினஸ் ஆங்கிலத் தேர்வின் பி1 (இடைநிலை) பழைய மாதிரித் தாள்கள் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். 30 முதல் 40 சொல்லுக்குள் அலுவலக மெயில் ஒன்று எழுதச் சொல்வார்கள். நாற்பது சொல்லில் அடக்க முயலும்போதுதான் 'கைண்ட் பெரூசல்' எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்று தெரியும்.

நல்லதைப் பார்த்து எழுதுவது

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சிறுவயதில் செய்ததைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து லண்டன் இதழான 'ஸ்பெக்டேட்டரின்' கட்டுரை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் ஒரு சின்னக் குறிப்பாக எழுதிவைப்பார். சில நாள் கழித்து மூலத்தைப் பார்க்காமல் அந்தக் குறிப்புகளிலிருந்து கட்டுரையை மறுபடி எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் தன் பிழைகளைத் திருத்துவார். குறிப்புகளைக் கலைத்துப்போட்டு, சில வாரம் கழித்து வரிசைப்படுத்தியும் பழகியிருக்கிறார். கருத்துகளை ஒழுங்குபடுத்தக் கற்க அது உதவியது என்கிறார்.

அந்த வரிசைப் பழக்கம்தான் நமக்கு வேண்டியது. உங்கள் இன்பாக்ஸில் எப்போதும் தெளிவாக எழுதும் ஒருவர் இருப்பார். அவருடைய பத்து மெயிலைத் தனி ஃபோல்டரில் போடுங்கள். ஒன்றை எடுத்துக் குறிப்பாக்கி, அடுத்த வாரம் எழுதிப் பாருங்கள். அவர் கேட்க வந்ததை முதல் வரியில் வைத்திருப்பார், நீங்கள் கடைசி வரியில் வைத்திருப்பீர்கள். இந்த வித்தியாசத்தை எந்த இலக்கணப் பாடமும் காட்டாது. தனியாகக் கற்பவர்களுக்கு நான் இதைப் புத்தகத்துக்கும் மேலே வைக்கிறேன்.

சிவப்புப் பேனாவோடு ஒருவர்

எல்லாவற்றிலும் வலுவானது இதுதான். கிடைப்பதற்கு அரிதும் இதுதான்.

ஒருவர் உங்கள் மெயிலைப் படித்துவிட்டு "எனக்கு ஒன்றும் புரியவில்லை, நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கும் அந்தக் கணம் கற்பிப்பது போல வேறு எதுவும் கற்பிப்பதில்லை. ஆனால் திருத்துபவரும் ஒழுங்காகத் திருத்த வேண்டும். பக்கம் முழுக்கச் சிவப்பாக்கினால் என்ன ஆகும் என்பதில் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. இரண்டாம் மொழியில் எழுதுபவர்களின் இலக்கணத்தைத் திருத்துவது பயனற்றது, அதைக் கைவிட வேண்டும் என்று மொழி ஆய்வாளர் ஜான் ட்ரஸ்காட் 1996இல் வாதிட்டார். அது அவசர முடிவு என்று 1999இல் இன்னொரு ஆய்வாளர் டேனா ஃபெரிஸ் பதில் எழுதினார். என் அனுபவம் இருவருக்கும் நடுவில் நிற்கிறது. பதினைந்து பிழையையும் வட்டமிட்டுக் கொடுத்தபோது எதுவும் மாறவில்லை. "இந்த மாதம் 'ஹேவ்' மட்டும் பார்ப்போம்" என்று ஒன்றைப் பிடித்தபோது அது மாறியது, பிறகும் திரும்பி வரவில்லை.

திருத்துபவர் ஆங்கிலத்தில் புலியாக இருக்க வேண்டும் என்பதில்லை. விஷயம் தெரியாதவராக இருப்பது இன்னும் நல்லது. அமெரிக்கப் பங்கு பரிவர்த்தனை ஆணையம் 1998இல் வெளியிட்ட எளிய ஆங்கிலக் கையேட்டின் முன்னுரையில் முதலீட்டாளர் வாரன் பஃபெட் சொல்கிறார்: ஆண்டறிக்கை எழுதும்போது தன் சகோதரிகள் டோரிஸ், பெர்ட்டி இருவரிடமும் பேசுவதாக நினைத்துக்கொள்வாராம். இருவரும் புத்திசாலிகள், ஆனால் கணக்கிலோ நிதியிலோ நிபுணர்கள் அல்ல. உங்கள் பக்கத்து மேசையில் வேறு பிரிவில் வேலை பார்ப்பவர் அந்த இடத்துக்குப் போதும். வாரம் இரண்டு மெயில், ஆளுக்குப் பத்து நிமிடம், நீங்கள் அவருக்கு, அவர் உங்களுக்கு.

அப்படியானால் யாருக்கு எது?

சென்ட் ஃபோல்டரைத் திறந்து கடைசி இருபது மெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்ணிக்கை போதும். எத்தனை மெயிலில் இலக்கணப் பிழை? எத்தனை மெயிலுக்குப் பதிலாக "நீங்கள் என்ன கேட்கிறீர்கள்?" என்றோ "எப்போதைக்குள்?" என்றோ வந்தது?

முதல் எண்ணிக்கை அதிகம் என்றால், அடிக்கடி வரும் மூன்று பிழைகளுக்கான பாடங்களை மட்டும் புத்தகத்தில் எடுங்கள், முழுப் புத்தகம் வேண்டாம். மென்பொருள் அதற்குத் துணை. இரண்டாவது அதிகம் என்றால் புத்தகத்தை மூடிவிட்டு ஃபிராங்க்ளின் வழிக்கும் பக்கத்து மேசைக்கும் போங்கள். இலக்கணம் என்று நினைத்து வந்தவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது வகை என்பது நான் கண்டது. இரண்டுமே குறைவு, ஆனாலும் எழுதப் பயமாக இருக்கிறது என்றால் யாரிடமாவது காட்டுவது மட்டுமே உதவும். பயத்துக்குக் கோர்ஸில் மருந்து இல்லை.

நம் மெயில் பக்கத்து மேசைக்குப் போய் வந்தால் இப்படி ஆகிவிடும்:

"ப்ளீஸ் அப்ரூவ் தி அட்டாச்டு கவர் டிசைன் பை தர்ஸ்டே. இட் இஸ் த ஒன் வீ டிஸ்கஸ்டு லாஸ்ட் வீக். வித்தவுட் யுவர் அப்ரூவல் பை தென், பிரிண்டிங் வில் மூவ் பை எ வீக்."