இரண்டு சாவியும் ஒரே வளையத்தில்: மூன்று வருடம் பயன்படுத்திய பிறகு

போன வாரம் என்னோடு முன்பு வேலை பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். "எங்க ஆபீஸ்ல எல்லோருக்கும் அந்த யு.எஸ்.பி. பாதுகாப்புச் சாவி வாங்கலாம்னு யோசனை. நீங்கதான் மூணு வருஷமா வெச்சிருக்கீங்களே, எப்படி இருக்கு? வாங்கலாமா, வேண்டாமா, ஒரே வரியில சொல்லுங்க."

லாக்-இன் செய்யும்போது பாஸ்வேர்டோடு சேர்த்து, கணினியில் செருகித் தொட்டு 'நான்தான்' என்று உறுதி செய்யும் குட்டிக் கருவிதான் அந்தச் சாவி. கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு முந்தைய நாள் இரவு பதினொன்றரை மணிக்கு எங்கள் எம்.டி.யிடம் வாங்கிய திட்டு காதில் அப்படியே இருந்தது. ஒரு வரியில் முடியவில்லை.

நாங்கள் 140 பேர். ஆளுக்கு இரண்டு வீதம் 280 சாவி. ஆசைப்பட்டு வாங்கியதில்லை. சைபர் காப்பீட்டைப் புதுப்பிக்கும் படிவத்தில், பாஸ்வேர்டு தவிர இரண்டாவது சரிபார்ப்பு எல்லோருக்கும் உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. அப்போது எங்களிடம் இருந்தது போனுக்கு வரும் ஓ.டி.பி. அது போதும் என்றுதான் நானும் நினைத்தேன். 2022 ஆகஸ்ட், செப்டம்பரில் அடுத்தடுத்து வந்த செய்திகள்தான் என்னை மாற்றின. ட்விலியோ என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனத்தின் ஊழியர்களுக்குப் போலி எஸ்.எம்.எஸ். அனுப்பி, போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டைத் தட்ட வைத்து, உள்ளே புகுந்துவிட்டார்கள். அதே சமயத்தில் கிளவுட்ஃப்ளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்துக்கும் அதே மாதிரி வலை வீசப்பட்டது. அங்கேயும் மூன்று பேர் ஏமாந்து பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் எல்லோர் கையிலும் இந்தச் சாவி இருந்ததால் வந்தவன் வாசலோடு நின்றுபோனான். அடுத்த மாதம் ஊபர். ஒப்பந்த ஊழியர் ஒருவரின் போனுக்கு 'நீங்கள்தானா, அனுமதிக்கவா' என்று கேட்டுக் கேட்டு அனுப்பினார்கள். கடைசியில் ஒருமுறை அவர் அனுமதித்துவிட்டார். எங்கள் ஆட்களை நினைத்துப் பார்த்தேன். இரண்டாவது தடவையிலேயே அனுமதித்திருப்பார்கள். நானும்தான்.

சரி, பொருள் எப்படி? நன்றாகத்தான் இருக்கிறது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. விரல் நுனி அளவு பிளாஸ்டிக், நடுவில் தங்க நிறத்தில் ஒரு வட்டம், தொடச் சொல்லிச் சிமிட்டும் ஒரு விளக்கு. பேட்டரி கிடையாது, சார்ஜ் கிடையாது. பேன்ட் பையோடு வாஷிங் மெஷினில் சுழன்று வந்த சாவி ஒன்று எங்களிடம் இன்றைக்கும் வேலை செய்கிறது, அது சுழன்று வந்த பேன்ட்தான் போய்விட்டது. ஒரே ஒரு சில்லறைத் தொல்லை: லேப்டாப்பில் செருகியே வைத்திருப்பவர்களின் விரல் தவறிப் பட்டால், சாவி தன் பாட்டுக்கு ஒரு நீண்ட எழுத்துச் சரத்தை அடித்துத் தள்ளிவிடும். எங்களுடையதில் அது வரிசையாக ஆங்கில 'சி'யில்தான் தொடங்கும். மாதாந்திரக் கூட்டத்தின் சாட்டில், விற்பனைக் கணக்கைப் பற்றி மேலாளர் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது, நிதிப் பிரிவுத் தலைவரிடமிருந்து 'சிசிசிசிசிசி' என்று ஒரு பதில் வந்தது. அவர் கருத்துச் சொல்லவில்லை, முழங்கை பட்டுவிட்டது. மேலாளர் இன்னும் நம்பவில்லை. அந்த வசதியை எல்லாச் சாவியிலும் அணைத்து வைக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

இந்த மூன்று வருடத்தில் நான் மனம் குளிர்ந்த நாள் ஒன்று உண்டு. கணக்குப் பிரிவுப் பெண் ஒருவர் காலையிலேயே கோபமாகக் கூப்பிட்டார். "சார், சாவி போயிடுச்சு போல. பாஸ்வேர்டு போட்டாச்சு, சாவியைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறேன், லைட்டே எரியல." மெயில் பக்கம்தானே என்றேன். ஆமாம் என்றார். முகவரியை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொன்னேன். நான்காவது எழுத்துக்கு வரும்போது அவர் குரல் நின்றுவிட்டது. ஓர் எழுத்து மாறியிருந்த போலிப் பக்கம் அது. லிங்க் வந்தது, எங்களுக்கு எப்போதும் சரக்கு அனுப்புகிறவரின் கணக்கிலிருந்தே.

சாவிக்கு என்ன தெரியும்? எந்தத் தளத்தில் பதிவு செய்தோமோ அந்த முகவரியைத் தவிர வேறெதற்கும் கையெழுத்துப் போடாது. முகவரியைச் சொல்வது பிரவுசர், மனிதன் இல்லை. நம் கண் ஏமாறும், தூக்கக் கலக்கம் ஏமாறும், பிரவுசர் ஓர் எழுத்து மாறினாலும் வேறு தளம் என்றுதான் சொல்லும். ஓ.டி.பி.யாக இருந்திருந்தால் அந்த ஆறு இலக்கத்தையும் அவர் அடித்திருப்பார், அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் அடுத்த சில நொடியில் அதை உண்மையான தளத்தில் போட்டு உள்ளே போயிருப்பான். கூகுள் தன் 85,000க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு 2017இல் சாவியைக் கட்டாயமாக்கிய பிறகு, போலிப் பக்கத்தால் ஒரு வேலைக் கணக்குகூடப் பறிபோகவில்லை என்று 2018இல் சொன்னபோது விளம்பரம் என்று நினைத்தேன். அன்று காலை நம்பினேன். பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிவிட்டு, 'சாவி நல்லாதான் இருக்கு' என்றேன். இந்த வேலையில் புகார் சொல்லி வந்த போனுக்கு நான் நன்றி சொன்னது அந்த ஒரு தடவைதான்.

இத்தனை புகழ்ந்த பிறகும் எரிச்சல் எங்கே என்றால், திங்கட்கிழமை காலையில். "சார், சாவியைக் காணோம்."

ஆளுக்கு இரண்டு கொடுத்தோம் என்றேனே. ஒன்று கையில், இன்னொன்று வீட்டிலோ பூட்டிய டிராயரிலோ. கொடுக்கும்போதே சொன்னோம், அச்சடித்த சீட்டும் வைத்தோம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பாதிப் பேர் இரண்டையும் ஒரே வளையத்தில் கோத்து, வண்டிச் சாவியோடு மாட்டியிருந்தார்கள். கேட்டால், "பத்திரமா இருக்கட்டும்னுதான் சார்." பத்திரம்தான், தொலைந்தால் இரண்டும் சேர்ந்து தொலையும்.

இதில் சாவி செய்கிறவர்கள் மேலும் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. ஒரு சாவியிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுக்க முடியாது. பாதுகாப்புக்காகத்தான், புரிகிறது. நகல் எடுக்க முடிந்தால் திருடனும் எடுப்பான். ஆனால் அதனால் இரண்டாவது சாவியை ஒவ்வொரு தளத்திலும் தனித்தனியே உட்கார்ந்து பதிவு செய்ய வேண்டும். புதுத் தளம் ஒன்று சேர்ந்தால் வீட்டு டிராயரில் இருப்பதை நினைவாக எடுத்து வந்து மறுபடி பதிய வேண்டும். யார் செய்வார்கள்? நானே மூன்று தளங்களில் செய்யவில்லை என்று போன மாதம்தான் கண்டுபிடித்தேன். சில சேவைகள் ஒரு சாவிக்கு மேல் ஏற்பதே இல்லை. அமேசானின் கிளவுட் சேவையே ஒரு கணக்குக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சாவியை 2022 நவம்பரில்தான் அனுமதித்தது. இன்னும் சில, சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, 'முடியாவிட்டால் எஸ்.எம்.எஸ். அனுப்பட்டுமா' என்று பக்கத்திலேயே ஒரு வரி காட்டும். அதை அணைக்கவும் முடியாது. வாசலுக்கு இரும்புக் கதவு போட்டுவிட்டுப் புழக்கடையைத் திறந்து வைத்த கதை.

எங்கள் அலுவலகத்தின் புழக்கடை என் ஹெல்ப் டெஸ்க்தான். சாவி தொலைந்தவரைத் திரும்ப உள்ளே விட ஏதாவது ஒரு வழி வேண்டும். அந்த வழி எவ்வளவு உறுதியோ அவ்வளவுதான் 280 சாவியும். 2023 செப்டம்பரில் எம்.ஜி.எம். ரிசார்ட்ஸ் என்ற அமெரிக்க ஹோட்டல்-சூதாட்ட நிறுவனத்தில் நடந்ததைப் படித்திருப்பீர்கள். ஊழியர் மாதிரி ஹெல்ப் டெஸ்க்குக்குப் போன் போட்டுப் பேசியே நுழைந்தார்கள் என்பதுதான் அப்போது வந்த செய்தி. சுமார் 10 கோடி டாலர் பாதிப்பு என்று அந்த நிறுவனமே கணக்குச் சொன்னது. 2024 செப்டம்பரில், இந்த மாதிரிச் சாவிகள் பலவற்றுக்குள் இருக்கும் இன்ஃபினியான் சிப்பில் ஓடும் நிரலில் பல வருடமாக இருந்த ஓட்டை ஒன்றை ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள், சாவியையே நகலெடுக்க முடியும் என்று. எங்கள் இயக்குநர் ஒருவர் பதறிப்போய் அந்தச் செய்தியை அனுப்பினார். அதற்குச் சாவி கைக்கு வர வேண்டும், உடைத்துத் திறக்க வேண்டும், சுமார் 11,000 யூரோ மதிப்புள்ள கருவி வேண்டும். அவ்வளவு சிரமப்படுகிறவன் இவ்வளவையும் விட்டுவிட்டு என் ஹெல்ப் டெஸ்க் பையனுக்கு ஒரு போன் போடுவான் என்று பதில் எழுதினேன். இயக்குநருக்கு அந்தப் பதில் ஆறுதலாக இல்லை. எனக்கும்தான்.

அதனால் விதி போட்டோம். சாவி இரண்டும் இல்லையென்றால் போனில் எதுவும் நடக்காது. நேரில் வர வேண்டும், அல்லது அவரை நன்கு தெரிந்த மேலாளர் ஒருவர் நேரில் பார்த்துத் தன் சாவியால் உறுதி செய்ய வேண்டும். குரல் செல்லாது, வீடியோவும் செல்லாது. 2024 தொடக்கத்தில் ஹாங்காங்கில் அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், வீடியோ கூட்டத்தில் உயரதிகாரிகளைப் 'பார்த்து' சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். திரையில் வந்தவர்கள் எல்லாம் போலி உருவங்கள். அதைக் காட்டித்தான் இந்த விதியில் கையெழுத்து வாங்கினேன். கையெழுத்துப் போட்டது எம்.டி.

அதே எம்.டி. போன வாரம் வெளியூரில், ஹோட்டல் அறையில். காலை ஒன்பது மணிக்கு வாடிக்கையாளர் முன்னால் காட்ட வேண்டிய கோப்பு மெயிலில் இருக்கிறது. சாவி வீட்டில், கார் சாவியோடு. இரண்டும்.

"நான்தான் பேசுறேன். என் குரல் தெரியலையா?"

"தெரியுது சார்."

"அப்புறம் என்ன?"

குரல் தெரிகிறது என்பதுதான் சிக்கலே என்று பதினொன்றரை மணிக்கு ஒரு முதலாளியிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். வீடியோவில் வருகிறேன் என்றார். அதுவும் விதியில் இல்லை என்றேன். "அந்த விதியைப் போட்டது யாரு?" என்றார். இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு அவர் பேசியதை இங்கே எழுத வேண்டாம். மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்த ஊர்க் கிளை மேலாளர் ஹோட்டலுக்கே போய், அவரை நேரில் பார்த்து, தன் சாவியைத் தொட்டு உறுதி செய்தார். கோப்பு எட்டரைக்குத் திறந்தது. ஒப்பந்தமும் கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

நண்பர் இன்னொன்றும் கேட்டார். போனிலேயே பாஸ்கீ (சாவி செய்யும் வேலையைப் போனுக்குள்ளேயே செய்யும் வசதி) வந்துவிட்டதே, தனியாகச் சாவி எதற்கு? நியாயமான கேள்வி. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 2022 மே மாதம் அறிவித்ததிலிருந்து அது வேகமாகப் பரவிவிட்டது. போலிப் பக்கத்தை மறுக்கும் குணம் அதற்கும் உண்டு. போன் தொலைந்தாலும் கிளவுடிலிருந்து திரும்ப வந்துவிடும், என் திங்கட்கிழமைத் தலைவலி பாதி போய்விடும். ஆனால் அலுவலகச் சாவி ஊழியரின் சொந்த ஆப்பிள் கணக்கிலோ கூகுள் கணக்கிலோ போய் உட்காரும். அந்தக் கணக்கை அவர் எப்படி மீட்பார், வீட்டில் வேறு யார் போனில் அது திறந்திருக்கிறது என்பதெல்லாம் என் கையில் இல்லை. சாதாரண ஊழியர்களுக்கு அது போதும் என்றே இப்போது நினைக்கிறேன். பணம் அனுப்புகிறவர்கள், சர்வரைத் தொடுகிறவர்கள், எம்.டி. இவர்களுக்கு மட்டும் கையில் பிடிக்கும் சாவி. மூன்று வருடம் முன்பு 280 வாங்கியதற்குப் பதில் 60 வாங்கியிருக்கலாம்.

இன்னொன்று, வாங்கிய பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. உள்ளே நுழைந்த பிறகு 'இவர் ஏற்கெனவே உள்ளே வந்தவர்' என்று தளத்துக்குச் சொல்ல பிரவுசரில் தங்கும் குக்கி என்ற சிறு அடையாளத்தை ஒரு திருட்டு நிரல் அள்ளிக்கொண்டு போனால் சாவி ஒன்றும் செய்யாது. கதவைத் தாண்டிய பிறகு நடப்பது கதவுக்குத் தெரியாது.

அந்த ஒரே வரிக்கு வருகிறேன். அன்று நண்பருக்கு நான் அனுப்பிய பதில் 'வாங்காதீங்க'. காரணம் கேட்டார். 'தூக்கம் போயிடும்' என்றேன். அந்த வரியை இன்னும் திரும்ப எடுக்கவில்லை. இதற்கிடையே புதிதாகச் சேரும் ஆட்களுக்காக இன்னும் 30 சாவிக்கு நானே ஆர்டர் போட்டிருக்கிறேன், அதை அவரிடம் சொல்லவில்லை. அதில் ஒன்று எம்.டி.க்கு மூன்றாவது. உறையில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்து வாங்கி, நிதிப் பிரிவுப் பெட்டகத்தில் வைப்பதாக ஏற்பாடு.

நேற்று லிஃப்டில் எம்.டி.யோடு நான்கு மாடி ஏறினேன். பேச்சில்லை. கையில் கார் சாவி ஆடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் அந்த இரண்டும்.