அலுவலகக் கடிதத்துக்கு சாட்பாட்: வெட்டக் கொடுக்கலாம், எழுதக் கொடுக்காதீர்கள்

'சரக்கு தாமதத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுது' என்று மொட்டையாகக் கேட்டால் சாட்ஜிபிடி, ஜெமினி எதுவானாலும் கிடைப்பது ஒரே சரக்குதான். 'இக்கடிதம் தங்களை நலமுடன் வந்தடையும் என நம்புகிறோம்' என்று தொடங்கி, மூன்று பத்தி வருந்திவிட்டு, சரக்கு என்றைக்கு வரும் என்பதை மட்டும் சொல்லாது. நாம் கொடுக்காத தேதி அதற்கு எப்படித் தெரியும்?

கரடுமுரடாக இருந்தாலும் முதல் வரைவை நீங்களே தட்டிவிடுங்கள். பிறகு, 'புதிய தேதி முதல் வரியில் வரட்டும், 100 சொல்லுக்கு மேல் போகாதே, நான் தராத தகவல் எதையும் சேர்க்காதே' என்று கேளுங்கள். சுருக்குவதிலும் கோபமான வரியைத் தணிப்பதிலும் ஆள் கில்லாடி.

தமிழில் சறுக்கும் இடம் 'நாங்கள்', 'நாம்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் 'நாம் தவறு செய்துவிட்டோம்' என்று வந்து நிற்கும். பணம் கட்டிய வாடிக்கையாளரையும் குற்றத்தில் கூட்டுச் சேர்த்தாயிற்று! 'செய்யப்பட்டுள்ளது', 'மேற்கொள்ளப்படும்' என்று யார் செய்தார் எனத் தெரியாத வாக்கியங்களும் கொட்டும். 15 லட்சம் சில சமயம் 1.5 மில்லியன் ஆகிவிடும்.

அரசாணை எண், சட்டப்பிரிவு, தீர்ப்பு எதையும் மூல ஆவணத்தில் பார்க்காமல் அனுப்பாதீர்கள். அடுத்து எந்தச் சொல் பொருந்தும் என்று கோத்துக்கொண்டே போகும் இயந்திரம் அது; இல்லாத எண்ணையும் அதே தோரணையில் சொல்லும். 2023இல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி கற்பனை செய்த வழக்குகளை மனுவில் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது.

வானவில், பாமினி எழுத்துருவில் இருக்கும் பழைய கோப்பை அப்படியே ஒட்டினால் அதற்குத் தெரிவது ஆங்கில எழுத்துக் குப்பைதான். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பதிலை எடுத்து மின்னஞ்சலில் ஒட்டும்போது இரட்டை நட்சத்திரக் குறிகள் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றை நீக்காவிட்டால் யார் எழுதியது என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

சொந்தக் கணக்கில் அலுவலக வேலை என்றால் சாட்ஜிபிடியின் செட்டிங்ஸில் டேட்டா கன்ட்ரோல்ஸ் போய், உரையாடலைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் வசதியை அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகும் ஆதார் எண், சம்பளப் பட்டியல் வேண்டாம். பெயருக்குப் பதில் 'வாடிக்கையாளர் அ' போதும். இந்திய நிதியமைச்சகம் 2025 ஜனவரியில், அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி போன்றவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சுற்றறிக்கை விட்டது. உங்கள் நிறுவனத்தில் என்ன விதி என்று ஐடி பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.