இறக்கத்துக்கு வாங்கிய ஷூ: ஒரு மாரத்தான் முடிந்தபின் எழுதும் மதிப்புரை

கடையின் தட்டையான தரையில் பத்தடி நடந்து பார்த்து ஓட்ட ஷூ வாங்குவது எல்லோருக்கும் வழக்கம்தான் என்றாலும், தொடக்கம் முதல் இறுதிவரை பெரும்பாலும் இறங்கிக்கொண்டே போகும் சாலை மாரத்தானுக்கு வாங்கும்போது அந்தச் சோதனையால் அநேகமாக எந்தப் பயனும் இல்லை. நான் வாங்கியது தடித்த அடிப்பாகமும் மென்மையான ஃபோமும் கொண்ட வகை. சாலைப் போட்டிகளில் அடிப்பாகத்தின் தடிமனுக்கு உலகத் தடகள அமைப்பு வைத்திருக்கும் 40 மில்லிமீட்டர் உச்சவரம்புக்குள் அது அடங்கிவிடும். பயிற்சியில் ஏறத்தாழ 400 கிலோமீட்டரும், பிறகு போட்டி நாளின் 42.195 கிலோமீட்டரும் ஓடிய அனுபவத்தை வைத்தே இதை எழுதுகிறேன்.

‘இறக்கத்தின் அதிர்ச்சியை முழுவதும் உள்வாங்கிக்கொள்ளும்’ என்பது விளம்பரம். அதில் பாதிதான் உண்மை. பாதம் தரையைத் தொடும் நொடியின் கடுமையை ஃபோம் குறைக்கிறது. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு என் உள்ளங்காலும் முழங்காலும் பழைய ஷூவில் இருந்ததைவிடத் தெளிவாகவே நலமாக இருந்தன. ஆனால் இறக்கத்தில் ஒவ்வோர் அடியிலும் உடலின் வேகத்தைப் பிடித்து நிறுத்துவது முன்தொடைத் தசை. நீண்டுகொண்டே இறுகவேண்டியிருப்பதால் அதன் இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. ஓடிய அன்று பெரிதாகத் தெரியாத வலி மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் உச்சத்துக்குப் போவது இதனால்தான். எவ்வளவு தடித்த அடிப்பாகமும் தொடை செய்யவேண்டிய வேலையைச் செய்துவிடாது. நல்லவேளையாக, ஒருமுறை இப்படி அடிபட்டுத் தேறிய தசை அடுத்தமுறை குறைவாகவே பாதிக்கப்படுகிறது, அந்தப் பாதுகாப்பு சில வாரங்களுக்கு நீடிக்கவும் செய்கிறது. ஆகவே பத்து நாளுக்கு ஒருமுறை இறக்கத்தில் ஓடிப் பழகி, கடைசிக் கடுமையான பயிற்சியைப் போட்டிக்கு மூன்று வாரம் முன்பே முடித்துக்கொண்டேன். ஷூவுக்குக் கொடுத்த பணத்தைவிட எனக்குப் பெரிதாக உதவியது அந்தப் பழக்கம்தான்.

இந்த ஷூவின் உண்மையான குறை குதிகால் பிடிப்பில் இருக்கிறது. முதல் இறக்கப் பயிற்சியில் எட்டாவது கிலோமீட்டருக்குள் பாதம் முன்னோக்கி வழுக்கி, பெருவிரல்கள் முன்முனையில் இடிக்கத் தொடங்கிவிட்டன. வழக்கமான அளவையே வாங்கியதில் என் பிழையும் உண்டு. அரை அளவு பெரிதாக மாற்றியபின் ஓரளவு சரியாயிற்று. முழுத் தீர்வு கணுக்காலுக்கு அருகே, பெரும்பாலானோர் காலியாகவே விட்டுவிடும் கடைசித் துளையில் இருந்தது. நாடாவை அதே பக்கத்துத் துளையில் செருகிச் சிறு வளையம் விட்டு, எதிர்ப்பக்க நுனியை அந்த வளையத்துக்குள் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து முடிந்தால் குதிகால் பின்சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. நடுப்பகுதியை மட்டும் தளர்த்தியே விடவேண்டும், இல்லையேல் பாதத்தின் மேற்புறம் மரத்துப்போகும். தயாரிப்பாளர்கள் தந்திருக்கும் நாடாவோ இந்த முடிச்சுக்குப் பின் மிஞ்சுவது விரல் நீளம்கூட இல்லாத அளவுக்குக் குட்டையானது!

மென்மைக்கும் ஒரு விலை இருக்கிறது. சாலையின் ஓரம் சரிந்திருக்கும் இடங்களிலும் வேகமாக இறங்கித் திரும்பும் வளைவுகளிலும் ஃபோம் ஒருபக்கம் அமுங்கி, கணுக்கால் லேசாகச் சாய்கிறது. குதிகாலின் வெளிப்புற விளிம்பில் ரப்பர் மெல்லியது; குதிகாலை ஊன்றி வேகத்தைத் தடுத்து இறங்கும் என் போன்றவர்களுக்கு 300 கிலோமீட்டரிலேயே உள்ளிருக்கும் ஃபோம் தெரியத் தொடங்கிவிடும்.

‘உங்கள் சிறந்த நேரம்’ என்ற வாசகமும் பெட்டியின்மேல் இருக்கிறது. இறக்கத்தில் கிடைக்கும் நேரத்துக்கு எங்கும் ஒரே மதிப்பு இல்லை. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான சரிவு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டரைத் தாண்டினால் உலகச் சாதனையாக ஏற்கமாட்டார்கள். 2011இல் பாஸ்டன் மாரத்தானில் கென்ய வீரர் ஜெஃப்ரி முத்தாய் ஓடிய 2:03:02 அப்படித்தான் சாதனைப் பட்டியலுக்கு வெளியே நின்றது. அதே பாஸ்டன், தன் போட்டியில் இடம்பெற வேறு மாரத்தான்களில் ஓடிக் காட்டவேண்டிய தகுதி நேரங்களில், 2027ஆம் ஆண்டுப் போட்டியிலிருந்து, 1,500 அடியோ அதற்கு மேலோ இறங்கும் பாதைகளில் பெற்ற நேரத்தோடு ஐந்து நிமிடமும், 3,000 அடியிலிருந்து பத்து நிமிடமும் கூட்டிக் கணக்கிடுகிறது. 6,000 அடியை எட்டினால் அந்த நேரத்தை ஏற்பதே இல்லை.

போட்டி நாளில் முதல் பத்துக் கிலோமீட்டர் மூச்சு வாங்கவே இல்லை, அதுதான் ஆபத்து. நுரையீரல் சும்மா இருக்கும்போதே தொடை செலவாகிக்கொண்டிருக்கிறது என்பதை மனத்தில் வைத்து, கால்கள் கேட்ட வேகத்தைக் கொடுக்காமல் குறுகிய அடிகளாக வைத்து இறங்கினேன். முப்பதுக்குப் பின் பாதை சமமானதும், முன்முனை வளைந்த அடிப்பாகம் களைத்த காலைச் சற்று உருட்டிவிட்டது. இந்த ஷூவை நான் மனமாரப் பாராட்டும் இடம் அது ஒன்றே.

இறக்கப் பாதைக்கு மட்டுமானால், அரை அளவு பெரிதாகவும் நீளமான நாடாவோடும் இதையே மறுபடி வாங்குவேன். ஒன்பது நகங்கள் பழுதின்றித் தப்பின. கறுத்துப்போனது வலது பெருவிரல் நகம் மட்டும். தொடக்க இடத்தின் குளிரில் விரல்கள் விறைத்திருந்ததால், அந்தக் காலில் வளையம் போடாமல் சாதாரணமாகவே நாடாவை முடிந்திருந்தேன்.