நடுகல்லைத் தொட்டுப் பார்க்க: தனி அறையா, தனி நேரமா, பொதுக் கூடமா?

தருமபுரியில் சின்னக் குழந்தைகளுக்கென்று ஓர் அருங்காட்சியகம் அமைந்தால், வாசலைத் தாண்டியதும் நிற்க வேண்டியது நடுகல்தான். இங்குள்ள அரசு அருங்காட்சியகத்திலேயே நடுகற்கள் இருக்கின்றன. ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஊரார் நட்ட கல். வளைந்த வில், உடம்பில் தைத்த அம்பு, ஓரத்தில் மாடு என்று எல்லாமே புடைப்பாகச் செதுக்கியவை. கண் தெரியாத குழந்தைகூட விரலாலேயே கதையைப் பிடித்துவிடும். சரி, அந்தக் குழந்தையைக் கல்லுக்குப் பக்கத்தில் எப்படிக் கொண்டுவருவது?

முதல் வழி தனி அறை. டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் 'அனுபவ்' என்று தொட்டுணரும் கூடம் ஒன்று உண்டு. சிற்பங்களின் நகல்களைக் கையால் தடவிப் பார்க்கலாம். மூலச் சிலைக்குச் சேதமில்லை, நெரிசலும் இல்லை. பெரியவர்களுக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் சின்னக் குழந்தை தனியாக வருவதில்லை. தம்பி, பாட்டி, இடுப்பில் கைக்குழந்தையோடு அம்மா என்று ஒரு பட்டாளமே வரும். அக்கா ஓர் அறையில், தம்பி இன்னோர் அறையில் என்றால் பார்த்ததைப் பற்றிச் சண்டை போடக்கூட வழியில்லை. தனி அறை என்றாலே பூட்டும் சாவியும் வேறு வந்துவிடும்.

இரண்டாவது, தனி நேரம். 1913-இல் தொடங்கிய பாஸ்டன் குழந்தைகள் அருங்காட்சியகம், 'மார்னிங்ஸ்டார் ஆக்சஸ்' என்ற பெயரில் முன்பதிவு செய்த குடும்பங்களை மட்டும் கூட்டமில்லாமல் உள்ளே விடுகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இரைச்சலும் தள்ளுமுள்ளும்தான் தடை. அதை எந்தச் சாய்வுதளமும் தீர்க்காது. இந்த வழியின் பலம் அதுதான். நம் பக்கத்தில் சிக்கல் பஸ். தேன்கனிக்கோட்டை மலைக் கிராமத்திலிருந்து காலை ஒன்பதுக்கு வந்து சேரச் சொன்னால் யார் வருவார்கள்?

மூன்றாவது, பொதுக் கூடத்தையே எல்லோருக்குமாக அமைப்பது. தொடக்கச் செலவு அதிகம். சாய்வுதளம் 1:12 என்ற சரிவில் இருக்க வேண்டும். அறுபது சென்டிமீட்டர் உயரத் திண்ணைக்கே 7.2 மீட்டர் நீளம் பிடிக்கும். அதனால் தரைமட்டக் கட்டடமாகத் தேடுவது புத்திசாலித்தனம். வீல்சேருக்குப் போட்ட பாதையில் மூட்டுவலிப் பாட்டியும் நிம்மதியாக ஏறுவார்.

நகலை எதில் செய்வது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஃபைபர் மலிவு, லேசு. ஆனால் தொட்டால் பிளாஸ்டிக் வாளி மாதிரிதான் இருக்கும். கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறைகள் பக்கத்திலேயே இருக்கும்போது கல்லிலேயே செதுக்கச் சொல்லலாம்: அந்தக் குளிர்ச்சி, சொரசொரப்பு, அம்பு நுனியில் விரல் தடுக்கும் இடம். வீல்சேரில் இருந்தபடியே கை எட்டும் உயரத்தில் நிறுத்தி, அடியில் முழங்கால் நுழைய இடம் விட வேண்டும். கல் கனம் என்பதால், குழந்தைகள் தொங்கினாலும் சாயாதபடி சுவரோடு பிணைத்தாக வேண்டும்.

விளக்கத்துக்கு பிரெய்ல் பலகை மட்டும் போதாது. நான்கு வயதில் யாரும் பிரெய்ல் படிப்பதில்லை. பட்டனை அழுத்தினால் கதை சொல்லும் குரல் வேண்டும், தமிழோடு தெலுங்கிலும் கன்னடத்திலும். ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது தேவைப்படும். காது கேளாத குழந்தைக்கு சைகை மொழி வீடியோ. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. சாய்வுதளத்தோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதை ஒருமுறை புரட்டலாம்.

பொதுக் கூடத்தின் பலவீனம், மூன்று பள்ளி பஸ்கள் ஒன்றாக வந்து இறங்கும் நாள். அன்றைக்கு விளக்கு மங்கலான ஓர் அமைதி மூலையாவது இல்லாவிட்டால் சில குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு வாசலோடு திரும்பிவிடும்.

பணம் ஒன்றுக்குத்தான் என்றால் என் ஓட்டு பொதுக் கூடத்துக்கு. தனி அறையை மறந்துவிடலாம். தனி நேரத்துக்குப் பெரிய செலவில்லை. மாதம் ஒரு நாள் குரல் பெட்டிகளின் சத்தத்தைக் குறைத்து, ஆட்களை எண்ணி உள்ளே விட்டால் போதும். அதையும் பகல் பன்னிரண்டுக்கு மேல் வையுங்கள், மலையிலிருந்து வருகிறவர்கள் வந்து சேரட்டும்.