தங்க நிலை அட்டையும் மதுரை விமானமும்: ராமநாதபுரம் கடற்கரைப் பயணியின் மதிப்பீடு

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று நீளும் இந்தக் கரையில், வெளிநாட்டில் ஒருவர்கூட இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆண்டுக்கோ இரண்டாண்டுக்கோ ஒருமுறை விடுப்பில் வரும் சபராளிகளே இவர்களில் பெரும்பாலோர் என்றாலும், மாதம் தவறாமல் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போய்வரும் வணிகர்களும் பொறியாளர்களும் கணிசமாகவே உண்டு. விமான நிறுவனங்கள் வழங்கும் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் ஆகிய உயர்நிலைத் தகுதிகள் இப்படிப்பட்டவர்களைத் தக்கவைத்துக்கொள்வதற்காகவே உருவானவை. அந்தத் தகுதியை ஒரு விற்பனைப் பொருளாக எடுத்துக்கொண்டு, அதற்கு நாம் கொடுக்கும் விலைக்கு அது தகுமா என்று இங்கே பார்க்கிறேன். பல ஆண்டுகளாக ஒரு நிறுவனத்தின் தங்க நிலையில் இருந்துவருபவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பயணச்சீட்டை அலுவலகம் வாங்கித் தரும் நிலையில் உள்ளவர்களைத் தவிர, மதுரைக்கோ திருச்சிக்கோ வராத ஒரு நிறுவனத்தின் அட்டையைக் காப்பாற்றிக்கொள்வதற்காக நம் பகுதியினர் யாரும் கூடுதலாக ஒரு பயணம்கூடச் செய்ய வேண்டியதில்லை.

விமான நிறுவனங்களின் இந்த உறுப்பினர் திட்டங்களில் இரண்டு கணக்குகள் தனித்தனியே ஓடுகின்றன என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. ஒன்று, இலவசப் பயணச்சீட்டுக்கும் இருக்கை உயர்வுக்கும் செலவழிக்கக்கூடிய மைல் கணக்கு. மற்றொன்று, நாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்பதைத் தீர்மானிக்கும் தகுதிக் கணக்கு. முதலாவதைக் கடன் அட்டை, தங்கும் விடுதி, வாடகைக் கார் என எதன் வழியாகவும் நிரப்பலாம். இரண்டாவது பெரும்பாலும் பறந்தால் மட்டுமே நிரம்பும், அதுவும் ஒவ்வொரு ஆண்டும் புதிதாக நிரம்ப வேண்டும். எமிரேட்ஸின் ஸ்கைவார்ட்ஸ் திட்டத்தில் வெள்ளி நிலைக்கு 25,000 தகுதி மைல்கள் அல்லது 25 பறப்புகளும், தங்க நிலைக்கு 50,000 மைல்கள் அல்லது 50 பறப்புகளும் வேண்டும். சென்னையிலிருந்து துபாய்க்கு நேரே போய் நேரே திரும்புபவருக்கு ஒரு பயணத்தில் இரண்டு பறப்புகளே கிடைக்கும் என்பதால், பறப்புக் கணக்கில் தங்கத்தை எட்ட 25 முறை போய்வர வேண்டும். அதாவது மாதத்துக்கு இரண்டு முறை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் திட்டத்திலும் தங்க நிலைக்கு 12 மாதங்களுக்குள் 50,000 மைல்கள் வேண்டும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ 1,800 மைல் தொலைவு. பறந்த தொலைவு முழுவதும் கணக்கில் சேரும் கட்டண வகையில் வாங்கினால்கூட ஒரு போக்குவரத்துக்கு 3,600 மைல்தான் சேரும், ஆகவே 14 முறை போய்வந்தாக வேண்டும். நாம் வழக்கமாக வாங்கும் மலிவான கட்டண வகைகளில் அதன் ஒரு பகுதி மட்டுமே சேரும்.

இவ்வளவு செய்து எட்டிய பிறகு கிடைப்பது என்ன? விமான நிலையத்தின் தனி ஓய்வறையான லவுஞ்சைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அது கடைசியாக வருவது. அமர்ந்து தொழுது, குளித்து, நல்ல தேநீர் குடித்துவிட்டு அடுத்த விமானம் ஏறுவது நெடும்பயணத்தில் ஆறுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் பகுதிப் பயணிக்கு இந்த அட்டையால் மெய்யாகவே காசு மிச்சமாவது பெட்டியின் எடையில்தான். ஸ்கைவார்ட்ஸ் திட்டத்தில் எடை அடிப்படையில் பெட்டி ஏற்கப்படும் வழித்தடங்களில் வெள்ளி உறுப்பினருக்கு 12 கிலோவும், தங்கத்துக்கு 16 கிலோவும், பிளாட்டினத்துக்கு 20 கிலோவும் கூடுதலாக உண்டு. போகும்போது தொதலும் ஓட்டுமாவும் கருப்பட்டியும், வரும்போது போர்வையும் பால்பவுடரும் கோடாரித் தைலமும் பேரீச்சையுமாக இரு திசையிலும் பெட்டி நிறைந்தே பயணம் செய்யும் ஊர் நம் ஊர். விமான நிலையக் கவுன்டரில் கூடுதல் எடைக்குக் கிலோ கணக்கில் பணம் கட்டியவர்களுக்கு 16 கிலோவின் மதிப்பை நான் விளக்க வேண்டியதில்லை. தொழிலுக்காக மாதிரிப் பொருள்களைச் சுமந்து செல்லும் வணிகருக்கு அந்தச் சலுகை ஒன்றே அட்டையை நியாயப்படுத்திவிடும்.

இரண்டாவது பயன், தடங்கல் நேரும்போது தெரிவது. மூடுபனியாலோ புயலாலோ ஒரு விமானம் தாமதமாகி இணைப்பு விமானம் தவறும்போது, நூறு பேர் ஒரே மேசையின் முன் நிற்கையில், தங்க நிலை உறுப்பினருக்குத் தனி வரிசையும் அடுத்த விமானத்தில் முன்னுரிமையும் கிடைக்கும். எனக்கு அது ஒருமுறை நேர்ந்தது. மறுநாள் காலைக் கூட்டத்துக்குப் போய்ச்சேர முடிந்ததற்கு அந்த அட்டைதான் காரணம். அந்த நாளை நினைத்தால் அட்டையை விட்டுவிட மனம் வருவதில்லை, அந்த அளவுக்கு அது உதவியது. ஆயினும் அப்படிப்பட்ட ஒரு நாளுக்காக மற்ற எல்லாப் பயணங்களிலும் கூடுதல் கட்டணம் கொடுத்துவருவது சரியா என்பதுதான் கேள்வி. பெட்டி முதலில் வரும், வரிசை குறையும், இருக்கையைத் தேர்ந்தெடுக்கலாம் என்பவையெல்லாம் சிறு வசதிகள். அவற்றுக்கென்று தனியாகப் பணம் செலவழிக்க மாட்டேன்.

இனி நம் கணக்கின் மறுபக்கம். எமிரேட்ஸும் கத்தார் ஏர்வேஸும் சென்னைக்கும் கொச்சிக்கும் திருவனந்தபுரத்துக்கும் வருகின்றன. மதுரைக்கும் திருச்சிக்கும் வருவதில்லை. ராமநாதபுரத்திலிருந்து மதுரை விமான நிலையம் பரமக்குடி, மானாமதுரை வழியாகச் சுமார் 115 கிலோமீட்டர். காலையில் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் மதிய விமானத்தைப் பிடித்துவிடலாம். சென்னை என்றால் சேது எக்ஸ்பிரஸிலோ போட் மெயிலிலோ ஓர் இரவு முழுவதும் பயணம் செய்து தாம்பரத்தில் இறங்கி, விமானம் பெரும்பாலும் விடிகாலையிலோ நள்ளிரவிலோ இருப்பதால் அங்கே ஒரு பகலை ஓட்டி, திரும்பும்போதும் அதையே செய்ய வேண்டும். கார் அமர்த்தினால் வாடகை, ரயில் என்றால் நேரம், இரண்டிலும் அறை வாடகை. கட்டணங்களை ஒப்பிடும் வலைத்தளத்தில் இவை எதுவும் தெரிவதில்லை. வீட்டு வாசலிலிருந்து துபாயில் தங்கும் அறை வரைக்கும் ஆகும் மொத்தச் செலவையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது, அட்டையால் கிடைத்த 16 கிலோவும் லவுஞ்சும் அந்தச் செலவுக்கு ஈடாகவில்லை. முதியவர்களையோ கைக்குழந்தையையோ உடன் அழைத்துச் செல்லும்போது இதில் ஐயமே இல்லை.

மதுரையிலிருந்து கொழும்பு, துபாய், சிங்கப்பூர் ஆகிய ஊர்களுக்கும், திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய், ஷார்ஜா ஆகிய ஊர்களுக்கும் நேரடி விமானங்கள் இயங்கிவந்திருக்கின்றன. அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் தேதியை உறுதிசெய்யும் முன் பார்த்துக்கொள்வது அவசியம். தொண்டி, திருவாடானைப் பக்கத்தவர்களுக்குத் திருச்சியும் எட்டும் தூரமே. 2024இல் திறக்கப்பட்ட புதிய முனையம் பழைய நெரிசலைப் பெருமளவு போக்கிவிட்டது. இந்த விமானங்களில் பல சிக்கனக் கட்டண நிறுவனங்களுடையவை. அவற்றில் உயர்நிலை அட்டைக்குப் பெரிய வேலை இல்லை, வேண்டிய எடையை முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பயணத் தேதி தெரிந்தவுடன் வாங்கிவிட்டால் அந்தச் செலவு தாங்கக்கூடியதே.

இங்கேதான், விசுவாசமா மாற்றமா என்ற இரண்டுக்கும் நடுவே நம் பகுதிக்கென்றே பொருந்தும் ஒரு வழி இருக்கிறது. அதை நம்மவர்கள் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் வருத்தம். விமான நிறுவனங்கள் சில கூட்டணிகளாகச் சேர்ந்து, ஒன்றின் உறுப்பினருக்கு மற்றவற்றிலும் புள்ளியும் சலுகையும் தருகின்றன. எமிரேட்ஸ் அப்படிப்பட்ட எந்த உலகக் கூட்டணியிலும் சேராதது. கத்தார் ஏர்வேஸ் 2013 முதலும் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014 முதலும் ஒன்வேர்ல்டு கூட்டணியில் இருக்கின்றன. மலேசியா ஏர்லைன்ஸ், கேத்தே பசிபிக் ஆகியவையும் அதில் உள்ளன. ஸ்ரீலங்கன் மதுரைக்கும் திருச்சிக்கும் வருகிறது. ஆகவே மதுரையில் ஏறி, கொழும்பில் மாறி, துபாய்க்கோ தோஹாவுக்கோ கோலாலம்பூருக்கோ போகும் பயணத்தின் புள்ளிகளைக் கத்தாரின் பிரிவிலேஜ் கிளப் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளலாம். அத்திட்டத்தில் வெள்ளிக்கு 150, தங்கத்துக்கு 300, பிளாட்டினத்துக்கு 600 கியூபாயின்ட் (அத்திட்டத்தின் தகுதிப் புள்ளி) வேண்டும். தங்கத்தை எட்டினால் அது கூட்டணியின் சஃபையர் நிலைக்குச் சமம் என்பதால், கூட்டணியின் எந்த விமானத்தில் ஏறினாலும் லவுஞ்சும் முன்னுரிமையும் தொடரும். ஹாங்காங்கில் தொழில் நடத்தும் நம் பகுதியினர் சென்னையிலிருந்து கேத்தேயில் செல்லும்போதும் அதே கணக்கைப் பயன்படுத்தலாம். ஒரு நிறுவனத்துக்குக் கட்டுப்படாமல் ஒரு கூட்டணிக்குள் சுற்றிவரும் இந்த ஏற்பாட்டில், வீட்டுக்கு அருகிலுள்ள விமான நிலையமும் கைவிட்டுப் போவதில்லை. அட்டை வழங்கும் நிறுவனத்தின் விமானத்திலேயே குறைந்த அளவு பறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பல திட்டங்களில் உண்டு. அதை மட்டும் முன்பே படித்துக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூரையே பெரிதும் நம்பியிருப்பவர்களுக்கு, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருக்கும் ஸ்டார் அலையன்ஸ் என்ற மற்றொரு கூட்டணியின் வழி பொருந்தும். கிரிஸ்ஃப்ளையர் தங்க நிலை, 2014 ஜூலையில் அக்கூட்டணியில் இணைந்த ஏர் இந்தியாவிலும் செல்லும்.

ஒரே நிறுவனத்தில் எல்லாவற்றையும் கட்டிவைப்பதன் ஆபத்தை இந்தியப் பயணிகள் நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். கிங்ஃபிஷர் 2012இல் நின்றது. 2019 ஏப்ரல் 17 இரவு கடைசி விமானத்தை இயக்கி ஜெட் ஏர்வேஸ் சேவையை நிறுத்தியபோது, அதன் மைல் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் மைல்கள் பிழைத்தன. ஆனால் பிளாட்டினம் அட்டை வைத்திருந்தவர் காட்டி நுழைவதற்கு ஒரு விமானமும் இல்லை. விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவுடன் இணைந்தபோது உறுப்பினர்களின் நிலை புதிய திட்டத்துக்கு மாற்றித் தரப்பட்டது, அது நல்லபடியாக முடிந்த கதை. நிறுவனம் நிலைத்திருந்தாலும் விதி நிலைத்திருப்பதில்லை. அமெரிக்காவின் டெல்டா 2024 முதலும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரல் முதலும், பறந்த தூரத்தை விட்டுவிட்டுச் செலவழித்த பணத்தை வைத்து நிலையைத் தீர்மானிக்கின்றன. ஏர் இந்தியாவும் 2024இல் தன் புள்ளிக் கணக்கைக் கட்டணத் தொகையின் அடிப்படைக்கு மாற்றிவிட்டது. இந்தப் போக்கு நம்மைப் போன்றோருக்கு நல்லதல்ல. மலிவான சீட்டில் அடிக்கடி பறந்து நிலையை எட்டிய வணிகர் பின்தள்ளப்படுகிறார். நிறுவனச் செலவில் பிசினஸ் வகுப்பில் சிலமுறை பறப்பவர் முன்னேறிவிடுகிறார்.

டிராவல்ஸில் சீட்டு வாங்குகிறவர்கள் கட்டண வகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உம்ராவுக்கும் திருமணக் கூட்டத்துக்கும் வாங்கும் குரூப் டிக்கெட்டுகளுக்குப் பெரும்பாலும் மைல் சேராது. பெயர்ப் பொருத்தமும் முக்கியம். ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள கடவுச்சீட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்த பிறகு, நம் பகுதியில் பலர் தந்தை பெயரைச் சேர்த்துக் கடவுச்சீட்டைத் திருத்திக்கொண்டார்கள். ஆனால் மைல் கணக்கில் பழைய பெயரே நிற்கிறது. சீட்டிலுள்ள பெயரும் கணக்கிலுள்ள பெயரும் வேறுபட்டால் மைல்கள் தாமாக ஏறுவதில்லை. போர்டிங் பாஸைக் கணக்கில் வரவு விழும் வரை எறியாமல் வைத்திருந்தால் விடுபட்டதைப் பின்னால் கேட்டுப் பெறலாம்.

மாறுவது என்று முடிவெடுத்தவர்கள், கையிலுள்ள நிலை காலாவதியாகும் முன்பே புதிய நிறுவனத்திடம் நிலை ஒப்புமை கேட்க வேண்டும். பழைய அட்டையின் படத்தையும் அண்மைக்காலப் பயணக் கணக்கையும் அனுப்பினால், பல நிறுவனங்கள் சில மாதங்களுக்குச் சோதனை முறையில் சமமான நிலையைத் தந்து, அதற்குள் குறிப்பிட்ட அளவு பறந்தால் அதை உறுதிசெய்கின்றன. பொதுவாக ஒருவருக்கு ஒரு முறையே இந்த வாய்ப்பு தரப்படுகிறது. ஆகவே, பயணம் அடர்ந்திருக்கும் மாதங்கள் தொடங்கும் தறுவாயில் விண்ணப்பிப்பதே முறை. நோன்பு மாதத்தில் ஊரோடு இருந்துவிடும் வணிகர், அதற்கு முன்னால் விண்ணப்பித்தால் சோதனைக் காலத்தை வீணாக்கிவிடுவார்.

அலுவலகச் செலவில் சென்னை வழியாகவே மாதாமாதம் போக வேண்டியவர்களும், எண்ணெய்க் கிணறு, கப்பல் போன்ற பணிகளில் முறைவைத்துப் பறப்பவர்களும் தங்கள் அட்டையைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு அது கூடுதல் செலவின்றித் தானாக வருவது. ஆண்டுக்கு நான்கைந்து முறை சொந்தப் பணத்தில் போகும் குடும்பத்தார் வெள்ளி நிலையைக்கூடத் துரத்த வேண்டாம், மதுரையிலிருந்து குறைந்த கட்டணத்தில் எது கிடைக்கிறதோ அதில் போகலாம். நான் என் தங்க நிலையை வரும் மறுஆய்வில் இறங்கவிடப் போகிறேன். நிலை இறங்கினாலும் சேர்த்த மைல்கள் அவற்றின் காலாவதி வரை கணக்கில் இருக்கும்; அவற்றை என் தாயாரின் சீட்டுக்குப் பயன்படுத்திவிட்டு, அடுத்த துபாய்ப் பயணத்தைக் கொழும்பு வழியாகப் பதிவுசெய்து, புதிய கணக்கை ஒன்வேர்ல்டில் தொடங்குகிறேன்.