விஷன் போர்டு பயிலரங்கில் தலையில் கட்டப்பட்ட கடன்

வேலையில் முன்னேற விரும்புகிறவர்களை விஷன் போர்டு (அடைய விரும்புவதைக் காட்டும் படங்களை ஒட்டிய அட்டை) தயாரிக்கும் ஒருநாள் பயிலரங்குக்கு அழைத்து, அன்று மாலைக்குள் அவர்கள் பெயரிலேயே கடன் எடுக்க வைத்துவிடும் ஒரு நிறுவனத்திடம் என் தங்கை சிக்கித் தவித்துக்கொண்டிருக்கிறாள். அதே பாணி விளம்பரங்கள் இன்ஸ்டாகிராமில் இன்னமும் வந்துகொண்டிருப்பதால், நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

தங்கை பி.காம். முடித்து, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே செலவுக் கணக்காளர் படிப்பான சிஎம்ஏ-வின் இண்டர் தேர்வுக்குப் படித்துவருகிறாள். கோவையில் ஒரு ஹோட்டல் அரங்கில் நடந்த அந்தப் பயிலரங்குக்குக் கட்டணம் 999 ரூபாய் என்றுதான் விளம்பரத்தில் இருந்தது. உள்ளே நுழையும்போது, பொருள்களுக்கு என்று மேலும் 750 ரூபாய் கேட்டு வாங்கினார்கள். அந்தப் பணத்துக்குக் கிடைத்தவை ஒரு தெர்மாகோல் அட்டையும், ஒரு பசைக் குச்சியும், சில ஸ்கெட்ச் பேனாக்களும், வெட்டி ஒட்டுவதற்குக் கொஞ்சம் பழைய ஆங்கில இதழ்களும் மட்டுமே. முழு விலையை முதலிலேயே சொல்லாமல் படிப்படியாக ஏற்றுவதை, இணையவழி விற்பனையிலும் விளம்பரத்திலும் கையாளக் கூடாத ஏமாற்று உத்திகளில் ஒன்றாக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் குறிப்பிடுகின்றன.

பணத்தைவிட என்னை அதிகம் வருத்தியது அங்கே சொல்லிக்கொடுத்த முறைதான். அந்த இதழ்களில் வெளிநாட்டுக் கார், கடலோர பங்களா, கண்ணாடிக் கட்டடம் ஆகிய படங்கள் நிறைய இருந்தனவே தவிர, கணக்குத் துறையில் முன்னேற நினைக்கும் பெண்ணுக்குப் பொருந்தும் படம் ஒன்றுகூட இல்லை. ஆகவே தங்கை ஒரு சிறு தாளில், தன் தேர்வின் முதல் பகுதியான முதல் குரூப்பின் நான்கு தாள்களின் பெயர்களை எழுதி, தனக்குக் கடினமாக இருக்கும் செலவுக் கணக்கியலின் கீழே கோடிட்டு, அட்டையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறாள். பயிற்சியாளர் அதைப் பிய்த்தெடுத்து, தேர்வைப் பற்றி எழுதினால் பயத்தைத்தான் ஈர்ப்பீர்கள் என்று சொல்லி, அந்த இடத்தில் “மாதம் ஐந்து லட்சம் சம்பாதிக்கிறேன்” என்று எழுதவைத்திருக்கிறார். ஒவ்வொரு தாளிலும் 40 சதவீதமும், குரூப்பின் மொத்தத்தில் 50 சதவீதமும் எடுத்தால்தான் தேறமுடியும் என்ற நிலையில் இருப்பவளுக்கு, அந்த அட்டையில் உண்மையில் பயன்படக்கூடியதாக இருந்தது அந்தத் தாள் ஒன்றுதான்.

விஷன் போர்டு வைத்துக்கொள்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால், அடைந்துவிட்டதாகக் கற்பனை செய்துகொண்டிருப்பது வேலையைத் தேடித் தராது என்பது ஆராய்ந்து பார்க்கப்பட்ட விஷயம். பட்டப்படிப்பை முடிக்கும் மாணவர்களைப் பின்தொடர்ந்து உளவியல் ஆய்வாளர்கள் காப்ரியேல் ஓட்டிங்கனும் டோரிஸ் மேயரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல வேலை கிடைத்துவிட்டதுபோன்ற இன்பக் கற்பனைகளில் அதிகம் திளைத்தவர்கள் இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது குறைவான விண்ணப்பங்களையே அனுப்பியிருந்தார்கள், குறைவான சம்பளமே பெற்றார்கள். லியன் ஃபாமும் ஷெல்லி டெய்லரும் 1999-இல் வெளியிட்ட ஆய்விலும், நல்ல மதிப்பெண் கிடைப்பதை மனத்தில் ஓட்டிப் பார்த்த மாணவர்களைவிட, உட்கார்ந்து படிப்பதை ஓட்டிப் பார்த்தவர்களே தேர்வில் சிறப்பாகச் செய்தார்கள். அட்டை வைக்க விரும்புகிறவர்கள் வீட்டுச் சுவரிலேயே, தேர்வுத் தேதியும் இந்த வாரம் முடிக்கவேண்டிய பாடமும் கண்ணில் படும்படி வைத்துக்கொள்ளலாம். அதற்கு யாருக்கும் பணம் தரவேண்டியதில்லை.

மதிய உணவுக்குப் பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்து, ஆறு மாதத் தனிப்பயிற்சிக்கு இன்றே சேர்ந்தால் 42,000 ரூபாய், நாளைக்கு என்றால் 75,000 என்று நெருக்கியிருக்கிறார்கள். கையில் அவ்வளவு பணம் இல்லை என்று சொன்னவளிடம், வட்டியில்லாத தவணை என்று கூறி பான், ஆதார் விவரங்களை வாங்கிக்கொண்டு, பதிவுக்காக என்று சொல்லி ஓடிபியையும் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அது ஒரு நிதி நிறுவனத்தில் அவள் பெயரில் எடுக்கப்பட்ட கடன் என்பது, பின்னர் மின்னஞ்சலில் வந்த ஒப்பந்தத்தைப் பார்த்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது. தனிப்பயிற்சி என்றது ஏற்கெனவே பதிவு செய்யப்பட்ட காணொளிகளாகச் சுருங்கி, சில வாரங்களில் பயிற்சியாளர் பதில் அளிப்பதையே நிறுத்திவிட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்டால், திருப்பித் தரப்படமாட்டாது என்ற நிபந்தனையைக் காட்டுகிறார்கள். பயிற்சி நின்றுபோனாலும் தவணை நிற்பதில்லை. கட்டத் தவறினால் சிபில் மதிப்பெண் அவளுக்குத்தான் குறையும்.

இதில் சிக்கியவர்களுக்கு நேரம் முக்கியம். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, டிஜிட்டல் கடன் தருபவர் ஆண்டு வட்டி உள்ளிட்ட எல்லாச் செலவுகளையும் காட்டும் முக்கிய விவர அறிக்கையை ஒப்பந்தத்துக்கு முன்பே தரவேண்டும். குறைந்தது ஒரு நாளாவது மறுபரிசீலனைக் காலமும் தரவேண்டும். அதற்குள் அசலையும் அந்த நாள்களுக்கான வட்டியையும் கொடுத்து, அபராதமின்றிக் கடனிலிருந்து வெளியேறலாம். அந்தக் காலம் கடந்துவிட்டால், முதலில் கடன் தந்த நிறுவனத்திடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். பயிற்சி நிறுவனத்தின் மீதான புகாரை 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அதிலும் தீராவிட்டால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போகவேண்டும். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமலும் நாமே வாதாடலாம்.

நாங்கள் இரண்டு இடங்களிலும் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். அந்த 999 ரூபாய் விளம்பரத்தை நாங்கள் தேடியபோது அது நீக்கப்பட்டிருந்தது. உடன் கலந்துகொண்ட ஒரு பெண் எடுத்துவைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்தான் இப்போது எங்கள் மனுவோடு இணைக்கப்பட்டிருக்கிறது. பணம் கட்டியவர்கள் விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல், ரசீது மூன்றையும் இன்றே சேமித்துவைத்துக்கொள்ளுங்கள்.